கழுவித் துடைத்த மீட்டர்

பழைய இடத்தைக் காலி செய்துவிட்டு அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கிற எங்கள் சர்வீஸ் சென்டர் பைபாஸ் ரோட்டுப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போகிறதாம். திறப்பு விழாவுக்கு ஒரு சிறு மலர் போடுகிறார்கள். "அக்கா, நீங்க ரிப்பேர் பண்ணதுலயே உங்கள ரொம்ப பேஜார் பண்ண மீட்டர் எதுன்னு எழுதிக் குடுங்க" என்று இப்போது அங்கே வேலை பார்ப்பவர்கள் வாட்ஸ்ஆப்பில் கேட்டிருந்தார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. சரி செய்ததையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிடுகிற ஆள். இத்தனை வருஷம் கழித்தும் நினைவில் இருக்கும் மீட்டர் ஒன்றுதான். அதை நான் ரிப்பேர் செய்யவில்லை. நன்றாக இருக்கிறது என்று சான்று எழுதிக் கொடுத்து, ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தேன்.

விழா மலருக்கு இது பொருந்துமா தெரியாது. பொருந்தாவிட்டால் போடாதீர்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். எழுதத்தான் போகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரிலேயே வேலை பார்த்து, ஆம்பூரிலேயே ஓய்வு பெற்றவள். வேலூரில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். படித்ததில் பாதி எதற்கும் உதவாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. மீதிப் பாதி எதற்கு என்று புரிய ஐந்தாறு வருஷம் ஆயிற்று. பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான்.

சென்டரை நடத்தியவர் நிசார் சார். மேல்விஷாரத்துக்காரர். தோல் தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்து, தோலைத் தொடாமல் ஸ்குரூ டிரைவரைத் தொட்டவர். முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, மூன்று மணிக்கு ஒரு சுலைமானி டீ. யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. அதற்குப் பதில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை எடுப்பார்.

"எஸ்தர், மீட்டர் இன்னா சொல்லுது?"

"பவர் சப்ளை போயிருக்கும் சார்."

"அது நீ சொல்றே. மீட்டர் இன்னா சொல்லுது?"

அளந்து பார்த்து ஒரு எண்ணைச் சொல்லும்வரை விடமாட்டார். என் வாய் கொஞ்சம் நீளம். முதல் மாதத்தில் ஒருநாள், "சார், மீட்டர் வாயைத் திறந்து எதுவும் சொல்லல, நான்தான் அதோட வாயைத் திறக்கணும்" என்றேன். "அப்போ தொற" என்றார், சிரிக்காமல்.

திறப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. ஷூ கம்பெனியில் மிச்சமாகும் கெட்டி அட்டை ஒரு கட்டு வாங்கி வைத்திருப்பார். திறக்கப்போகும் கருவியின் மேல்மூடியை அட்டையில் வைத்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். எங்கெங்கே திருகாணி இருக்கிறதோ அங்கங்கே ஊசியால் துளை. கழற்றிய திருகாணியை அதே துளையில் சொருகி வைக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் திருகாணிகளில் ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். அதை இடம் மாற்றிப் போட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைக் குத்திவிடும். என் கையில் ஒரு அலைக்காட்டி அப்படிச் செத்திருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் மிக்ஸியைத் திறந்தாலும் அட்டை வைத்துத்தான் திறக்கிறேன். வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும்.

ஆனால் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் சாருக்கு முக்கியம். எங்கள் பாரத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று 'வந்தபடி', இன்னொன்று 'போகும்போது'. கருவி நம் கைக்கு வந்த நிலையில், ஒரு திருகைக்கூடத் தொடாமல், அது என்ன காட்டுகிறது என்று அளந்து முதல் கட்டத்தில் எழுத வேண்டும். வேலை முடிந்த பிறகு அளப்பது இரண்டாவது கட்டத்தில். "இந்த ரெண்டு நம்பர் இல்லாம நீ பண்றது ரிப்பேர் இல்ல எஸ்தர், துவா" என்பார்; வெறும் பிரார்த்தனை என்று அர்த்தம். கருவியின் சொந்தக்காரருக்கு 'போகும்போது' இருந்தால் போதும். ஆனால் நேற்றுவரை அந்தக் கருவியை நம்பி வேலை செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது 'வந்தபடி'யில்தான் இருக்கும். இதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லியும் கொடுத்தேன். அப்படிப்பட்டவள்தான் அந்த வேலையைச் செய்தேன்.

பெருமையாக எழுத வேண்டுமானால் தோல் அளக்கும் மிஷின் கதையை எழுதியிருக்கலாம். தோலை ரோலரில் விட்டால் மேலே விளக்கு, கீழே வரிசையாகக் கண்கள். எத்தனை கண் மறைகிறதோ அதை வைத்துச் சதுர அடியைக் காட்டும். ஒரு கம்பெனியில் காலையில் சரியாகக் காட்டிய மிஷின் சாயங்காலம் ஆனால் குறைத்துக் காட்டியது. மூன்று பேர் பார்த்துப் பலகைகளை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஒரு பகல் முழுக்க மிஷின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்கு மேற்குப்பக்க ஜன்னலிலிருந்து வெயில் வந்து ஓரத்துக் கண்கள்மேல் விழுந்தது. தோல் மறைத்தும் அவற்றுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒரு சாக்கை எடுத்து ஜன்னலில் மாட்டினேன், தோல் வளர்ந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் என்னை ரொம்ப நாள் 'சாக்கு மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

இனி அந்த மீட்டர்.

ஆம்பூர்க்காரர்களுக்குத் தோல் நாற்றம் பழகிவிட்டது என்று வெளியூரில் நினைக்கிறார்கள். தெருவில் வரும் நாற்றம் வேறு. முடி உதிரத் தோலை ஊற வைக்கும் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எழுந்து வந்த கருவியை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவது வேறு. கொழுப்பு, முடி, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து அழுகிய முட்டை வாடை அடிக்கும். எங்களுக்குச் சுவரை ஒட்டின மாதிரி பிரியாணிக் கடை. கடைக்காரர் இரண்டு முறை வந்து, "உங்க மீட்டர் வர்ற அன்னிக்கு என் கஸ்டமர் பாதித் தட்டுல எந்திரிச்சுப் போறாரு மேடம்" என்று சண்டை போட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதனால் வாசலிலேயே ஒரு தொட்டியும் குழாயும் போட ஏற்பாடு செய்தேன். தோல் ஆலையிலிருந்து எது வந்தாலும் வாசலில் குளிப்பாட்டித்தான் உள்ளே விடுவது என்று வழக்கமாயிற்று. சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், கடைசியில் ஸ்பிரிட். மேஜைகள் சுத்தமாயின, பிரியாணிக்காரர் சமாதானமானார், நிசார் சார்கூட மாடியிலிருந்து இறங்கி வந்து, "நல்ல வேலை பண்ணே" என்றார். ரிப்பேர் சென்டரை ஆஸ்பத்திரி மாதிரி வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு தோல் ஆலையிலிருந்து டிரைவர் ஒரு பி.எச். மீட்டரைக் கொண்டு வந்தார். தண்ணீரில் புளிப்பு ஜாஸ்தியா காரம் ஜாஸ்தியா என்று காட்டுகிற கருவி அது. ஏழு என்றால் நடு, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். மீட்டரிலிருந்து ஒரு ஒயர், அதன் முனையில் பேனா அளவில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் நுனியில் இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குமிழ்தான் தண்ணீரைத் தொட்டு உணரும். அந்தக் குமிழில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. கூட வந்த கடிதத்தில், 'மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து உடனே சான்று தரவும்' என்று மட்டும் இருந்தது. எதற்கு என்று இல்லை. நானும் கேட்கவில்லை.

வழக்கம்போல வாசலில் குளிப்பாட்டினேன். குமிழ் அழுக்காக இருந்ததால் அதைக் கொஞ்ச நேரம் நீர்த்த அமிலத்தில் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அலசினேன். பிறகு மேஜைக்குக் கொண்டு போய், அளவு தெரிந்த மூன்று கரைசல்களில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். 4, 7, 9.2. மூன்றிலும் சட்டென்று போய்ச் சரியாக நின்றது. 'வந்தபடி' கட்டத்தில் அந்த எண்களை எழுதினேன். ரிப்பேர் எதுவும் செய்யாததால் 'போகும்போது' கட்டத்திலும் அதையே எழுதினேன். 'கருவியில் குறை இல்லை' என்று கையெழுத்துப் போட்டு, சென்டர் முத்திரை குத்தி, டிரைவரிடம் கொடுத்தேன். மீட்டர் பளபளவென்று இருந்தது. அதிலும் எனக்கு ஒரு திருப்தி.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கும்போது, ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை.

"எஸ்தர் மேடம் யாருங்க?"

"நான்தான். இன்னா வேணும்?"

"எம்பேரு தேவகி மேடம். அந்த பி.எச். மீட்டருல ரீடிங் எடுக்கறவ நான்தான். ரெண்டு வாரமா வேலைக்கு வராதன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க."

அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நடந்ததை நிதானமாகச் சொன்னாள். ஆலையில் தோலைப் பதப்படுத்துகிற குரோம் உப்பு கலந்த தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும். அதில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எட்டுக்கு மேலே கொண்டு வந்தால் குரோம் சேறாக அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் பல ஆலைகளுக்குமான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு விடுவார்கள். எட்டைத் தாண்டியதா என்று மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுவது தேவகியின் வேலை. ஒருநாள் அவள் நோட்டில் 8.4 என்று எழுதித் திறந்துவிட்ட தண்ணீர் பொது நிலையத்துக்குப் பச்சை நிறமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே அளந்தால் 7.1. குரோம் படியவே இல்லை. ஆலைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. மீட்டர் தப்பா, எழுதியவள் தப்பா என்று கேள்வி. மீட்டர் தப்பு இல்லை என்று நான் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

"திங்கக்கெழம விசாரணைன்னு கூப்பிட்டிருக்காங்க மேடம். மீட்டர பாக்காமலே உக்காந்த எடத்துல எழுதிட்டேன்னு சொல்றாங்க. அந்தப் பேரோட வெளிய போனா வேற எந்தக் கம்பெனில என்ன சேத்துப்பாங்க? நான் பாத்துதான் எழுதினேன்."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்ண முடியும்? மீட்டர் கரெக்டா காட்டிச்சு. அதத்தான் எழுத முடியும்."

"சரிங்க மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க மீட்டர் திரும்ப வந்தப்போ பளபளன்னு புதுசு மாதிரி இருந்துச்சுன்னு கூட வேல செய்றவங்க சொன்னாங்க. நாங்க அனுப்பினப்போ அது அப்படி இல்ல. நீங்க ரீடிங் எடுத்தது கழுவறதுக்கு முன்னாடியா, கழுவின அப்புறமா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டிப்ளமோ படித்து, இத்தனை வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்தவளை, ரீடிங் எடுக்கிறவள் வந்து கேள்வி கேட்பதா என்று. "எங்க வேலைய எங்களுக்குச் சொல்லித் தராதம்மா" என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. அவள் பையை எடுத்துக்கொண்டு, "வர்றேங்க" என்று கிளம்பிப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு டீ வந்தது. குடிக்க முடியவில்லை. வாசல் தொட்டியில் அன்றைக்கு வந்த வேறொரு கருவி சோப்பு நுரையில் ஊறிக்கொண்டிருந்தது. ஊற வைத்ததும் நான்தான். அதன் பாரம் மேஜைமேல் இருந்தது, 'வந்தபடி' கட்டம் காலியாக. குளிப்பாட்டி முடித்துத் துடைத்து, உள்ளே கொண்டு வந்து, அதன் பிறகு அளந்து அந்தக் கட்டத்தை நிரப்பப் போகிறேன். எத்தனை மாதமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். தொட்டி கட்டிய நாளிலிருந்து. 

மாடிக்குப் போய் நிசார் சாரிடம் சொன்னேன். அவர் ஒரு பலகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கவே இல்லை.

"மீட்டர் இன்னா சொல்லுச்சு?"

"தெரியாது சார். அது சொல்றதுக்கு முன்னாடியே கழுவிட்டேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அந்தப் பொண்ணு சொல்றதும் பொய்யா இருக்கலாம், நெஜமா இருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியும்னு சீல் குத்திக் குடுத்திருக்கோம்" என்றார். பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "இன்னிக்குப் புதன். திங்களுக்குள்ள தெரிஞ்சுக்க முடியுமா?" என்று கேட்டார்.

படிந்திருந்த அழுக்கு சாக்கடையில் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டு வர ஒரே வழிதான் இருந்தது, அதே தொட்டிகளில் மறுபடி படிய விடுவது. மறுநாள் காலையில், எங்கள் சென்டரில் புதுக் கண்ணாடிக் குழாய் போட்ட இன்னொரு மீட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஆலைக்குப் போனேன். மேனேஜரிடம் விஷயம் முழுவதையும் சொல்லவில்லை, தைரியம் வரவில்லை. 'அந்த மீட்டரை இன்னும் நாலு நாள் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும்' என்று மட்டும் கேட்டேன். இலவசமாகப் பார்க்கிறேன் என்றதும் ஒத்துக்கொண்டு, விசாரணைக்காக நான் அனுப்பியபடியே பூட்டி வைத்திருந்த மீட்டரை எடுத்துக் கொடுத்தார்.

தேவகியின் நோட்டைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு ரீடிங்குக்கும் பக்கத்தில் மணி போட்டிருந்தாள். அதை வைத்து அவள் நடக்கும் வழி தெரிந்தது. முதலில் சுண்ணாம்புத் தொட்டி. அங்கே காரம் உச்சத்தில் இருக்கும், பன்னிரண்டு. அதன் பிறகு குழாயை ஒரு மக் தண்ணீரில் அலசிவிட்டு நேராகக் குரோம் தொட்டி. இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிஷம்தான். நானும் அதே வழியில், அதே நேரத்துக்கு, அதே மக்கில் அலசி நடந்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுண்ணாம்புக் குழியோரம் நின்ற என்னைப் பார்த்து அங்கே வேலை செய்தவர்கள், "மேடம், நம்ம கம்பெனில சேந்துட்டீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள்.

முதல் நாள் இரண்டு மீட்டரும் ஒன்றாகவே காட்டின. இரண்டாம் நாளும் பெரிய வித்தியாசம் இல்லை. தேவகி பார்க்காமல்தான் எழுதிவிட்டாளோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்படி இருந்தால் நான் தப்பித்தேன் என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை குமிழில் லேசாக ஒரு பழுப்பு ஏறியிருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் இருக்கிற கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த மெல்லிய ஆடை. அன்றைக்கு எண் நிற்கக் கொஞ்சம் தாமதமானது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகாமல் ஆலைக்குப் போனேன். சுண்ணாம்புத் தொட்டியில் பார்த்து, அலசி, குரோம் தொட்டியில் வைத்தேன். என் மீட்டர் வைத்தவுடனே 7.2 என்று நின்றது. அவர்கள் மீட்டர் பன்னிரண்டிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷத்தில் 8.6. இரண்டு நிமிஷத்தில் 8.3. அதற்கு மேல் நின்றுவிட்ட மாதிரியே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிஷத்தில் 7.6. கால்மணி நேரம் கழித்துத்தான் 7.2 வந்தது.

தேவகி பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். அவள் கண்ணுக்கு மீட்டர் காட்டியது 8.4 தான். குமிழை வாரம் ஒருமுறை அமிலத்தில் ஊற வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அது எழுதியிருந்த புத்தகம் இங்கிலீஷில், மேனேஜர் அறை பீரோவில் இருந்தது. என் மேஜையில் அந்த ஆடையோடு ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தத் தொட்டியோரத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலம் சார் வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் எழுதி நீட்டினேன். 'சுத்தம் செய்த பின் சோதித்ததால் சான்றில் மாறுதல் ஏற்பட்டுள்ளது' என்று நாசூக்காக எழுதியிருந்தேன். சார் படித்துவிட்டு, "யாரு சுத்தம் பண்ணது?" என்றார்.

"நான்தான் சார்."

"இதுல உம்பேரு இல்லியே. அந்தப் பொண்ணு பேரு மட்டும் எல்லாக் காகிதத்துலயும் இருக்கு."

பிறகு பழைய சான்றின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் அதைக் கிழிக்கப் போனேன். கையைத் தடுத்தார். "கிழிக்காத. 'வந்தபடி' கட்டத்துக்கு மேல ஒரு கோடு போடு, அடியில இருக்கிற நம்பர் தெரியணும். பக்கத்துல காரணம் எழுது. கையெழுத்துப் போடு. கீழ நானும் போடறேன். சீல் என்னுது" என்றார். அந்த ஆலை எங்களுக்குப் பெரிய வாடிக்கை. இதோடு போய்விடலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.  அவர் மனைவி கொண்டு வந்து வைத்த பாயசத்தை, "சாப்பிட்டுப் போ, முகம் கறுத்துக் கெடக்குது" என்று சார் என் பக்கம் நகர்த்தினார்.

திங்கட்கிழமை விசாரணையில் மேனேஜர், இன்னும் இரண்டு அதிகாரிகள், ஓரத்து நாற்காலியில் தேவகி. நான் உள்ளே போனதும் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். திருத்திய சான்றை மேஜைமேல் வைத்து, நாலு நாள் எடுத்த ரீடிங்குகளையும் வைத்தேன். மேனேஜர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அப்போ நீங்க முதல்ல குடுத்த சர்ட்டிபிகேட் தப்பா மேடம்?"

"தப்பு சார். வந்தபடின்னு நான் எழுதினது, வந்தபடி பாத்து எழுதினது இல்ல."

"அதாவது, பாக்காம எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அதுக்காகத்தான் இந்தம்மாவ நாங்க நிறுத்தி வெச்சிருக்கோம்."

"தெரியும் சார். ஆள மாத்திப் புடிச்சிட்டீங்க."

மேனேஜர் சான்றை மறுபடி கையில் எடுத்தார். தேவகி நாற்காலியை விட்டு எழுந்தாள். "நோட்ட பாருங்க சார். ஒவ்வொண்ணுக்கும் டைம் போட்டிருக்கேன். உக்காந்த எடத்துல எழுதறவ எதுக்கு டைம் போடப் போறா? அத மொத நாளே பாத்திருக்கலாம்" என்றாள். குரல் நடுங்கவில்லை. மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். நின்ற நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சிடும்மா. அன்னிக்கு உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"இருக்கட்டுங்கக்கா" என்றாள். அதுவரை மேடம் என்றவள் அப்போதுதான் அக்கா என்றாள். "அன்னிக்குப் பேசினத அப்பவே மறந்துட்டேன்னு சொன்னா அது பொய்யாயிடும். கொஞ்ச நாள் ஆவும்."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

நாங்கள் வாசல் தொட்டியை இடிக்கவில்லை. அளந்து எழுதிய பிறகு கழுவுவது என்று மாற்றிக்கொண்டோம். அழுக்கோடு அளப்பதற்கு சென்டரின் பின்பக்கம் தனியாக ஒரு தடுப்பும் மின்விசிறியும் போட்டு, பிரியாணிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினேன். அந்த ஆலையின் வாடிக்கையும் போகவில்லை. போய்விடும் என்று நாங்கள்தான் பயந்துகொண்டிருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து அதே டிரைவர் அதே மீட்டரோடு வந்தார். இந்த முறை பாலிதீன் பையில் போட்டு, வாயைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். கூடவே இறுக மூடிய ஒரு பாட்டிலில் குரோம் தொட்டித் தண்ணீர். பைமேல் ஒட்டியிருந்த சீட்டில் தேவகியின் கையெழுத்து.

'அக்கா, கழுவாதீங்க. பாட்டில் தண்ணில மொதல்ல பாருங்க. நான் காலைல எடுத்த ரீடிங் உள்ள கவர்ல ஒட்டி வெச்சிருக்கேன். நீங்க எழுதின அப்புறம் பிரிங்க.'

முதலில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னையே பரீட்சை பண்ணுகிறாளா என்று. அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது. பண்ணாமல் என்ன செய்வாள்?

பையை அவிழ்த்ததும் வாடை மாடிவரை போயிருக்க வேண்டும். நிசார் சார் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். சீட்டைப் படித்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஜைமேல் மீட்டரை வைத்து, குழாயைப் பாட்டில் தண்ணீரில் இறக்கினேன். எண் இறங்கி வந்தது. நின்ற மாதிரி தெரிந்தும் நான் பேனாவை எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் முழுசாகக் காத்திருந்தேன். கை வேர்த்தது, பரீட்சை ஹாலில் வேர்க்கிற மாதிரி. 8.2. 'வந்தபடி' கட்டத்தில் எழுதினேன். பக்கத்தில் மணியையும் போட்டேன்.

கவரைப் பிரித்தேன். '8.2. அஞ்சு நிமிஷம் வெச்சு எடுத்தது.'

"பாஸாயிட்டே எஸ்தர்" என்றார் சார், கர்சீப்புக்குள்ளிருந்து.

ஆலைக்குப் போன் போட்டு தேவகியைக் கூப்பிடச் சொன்னேன். லைனில் வந்தாள். "8.2 தேவகி. கழுவல" என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எத்தினி மணிக்கு எடுத்தீங்கக்கா?" என்றாள். "நோட்டுல எழுதிக்கறேன்."